காதில் வடிந்த சீழ்... மூளையில் முடிந்த மரணம்: மண்டையோட்டைத் திறக்கத் துணிந்த டாக்டர் மெக்யூவன்!

எம்.பி.பி.எஸ் படிக்கிற ஃப்ரெண்டு யாராவது உங்களுக்கு இருக்காங்களா? இருந்தால், 'மெக்யூவன் முக்கோணம்'னா என்னன்னு ஒரு மெசேஜ் தட்டிப் பாருங்க. காது துவாரத்துக்குச் சற்று மேலே, பின்பக்கமாக, மண்டை எலும்பில் இருக்கும் ஒரு சின்ன முக்கோண இடம் என்று பதில் வரும். பெரியவர்களுக்கு அந்த இடத்திலிருந்து சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில், காதோடு தொடர்புடைய காற்றறை ஒன்று இருக்கிறது. காதுக்குப் பின்னால் சீழ் கோத்துக்கொண்டால், சர்ஜன் வழி தேடும்போது அடையாளமாகப் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான்.

தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பல பேருக்கு, அந்த மெக்யூவன் யார் என்று யோசிக்க நேரம் இருக்காது. ஆனா, அவருடைய கதை தெரிந்தால் நீங்கள் அந்தப் பெயரை மறக்க மாட்டீங்க. எக்ஸ்ரே கிடையாது, ஸ்கேன் கிடையாது, ஆன்டிபயாட்டிக் மாத்திரை என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது. அப்படியொரு காலத்தில், மூடிய மண்டையோட்டுக்குள் சீழ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே கணித்து, திறந்து, வெளியேற்றி, மனிதர்களைப் பிழைக்க வைத்தவர் அவர். 

வில்லியம் மெக்யூவன். ஸ்காட்லாந்துக்காரர். இறந்து 100 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

காதுக்கும் மூளைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்

கதைக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். காதில் வரும் தொற்று எப்படி மூளைக்குப் போகும் என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். 

நம் நடுக்காதின் கூரையும் மூளை உட்கார்ந்திருக்கும் தரையும் ஒரே எலும்புத் தகடுதான். மேல்மாடிக்காரருக்கு எது தரையோ, அதுதானே கீழ்வீட்டுக்காரருக்குக் கூரை? அந்த மாதிரி. அந்தத் தகடு சில இடங்களில் முட்டை ஓடு மாதிரி மெலிதாக இருக்கும். மாதக்கணக்கில் காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தால், சிலருக்கு அது அந்த எலும்பை அரித்துவிடும். இல்லையென்றால், அங்கே ஓடும் ரத்தக்குழாய்கள் வழியாகக் கிருமி உள்ளே ஏறிவிடும். மேலே ஏறினால் மூளையின் பொட்டுப் பகுதி. பின்பக்கம் போனால் சிறுமூளை. 

உள்ளே போன கிருமி, மூளையின் உறை முழுக்கப் பரவினால் அது மூளைக்காய்ச்சல். ஒரே இடத்தில் தங்கி, சுற்றிலும் ஒரு பை கட்டிக்கொண்டு சீழாகத் திரண்டால் அது மூளைச் சீழ்க்கட்டி. உடம்பில் வேறு எங்கே சீழ்க்கட்டி வந்தாலும் வீங்குவதற்கு இடம் உண்டு. மண்டையோட்டுக்குள் அந்த வசதி கிடையாது. கட்டி வளர வளர மூளை நசுங்கும். கட்டி உடைந்து மூளைக்குள் கொட்டினால் நிலைமை இன்னும் மோசம்.

19-ம் நூற்றாண்டு மருத்துவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. இறந்தவர்களின் தலையைத் திறந்து பார்த்தபோது சீழைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உயிரோடு இருப்பவரின் மண்டையைத் திறந்தால், கத்தியோடு சேர்ந்து புதுக் கிருமியும் உள்ளே போகும். ஆள் பிழைக்க மாட்டார். அதனால் மூளையில் சீழ் என்று சந்தேகம் வந்தாலே, கையைப் பிசைந்துகொண்டு காத்திருப்பதுதான் பெரும்பாலும் நடந்தது.

தீவிலிருந்து வந்த கடைக்குட்டி

1848 ஜூன் 22. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் இருக்கும் ப்யூட் என்ற சின்னத் தீவில் பிறந்தார் மெக்யூவன். அப்பா கடல் வணிகர். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள்; இவர் கடைக்குட்டி. பின்னர் குடும்பம் கிளாஸ்கோ நகரத்துக்கு வந்து சேர்ந்தது.

கிளாஸ்கோ அப்போது கப்பல் கட்டும் பட்டறைகளும் ஆலைகளும் நிறைந்த ஊர். புகை, நெரிசல், வறுமை, காய்ச்சல், விபத்து என எதற்கும் பஞ்சமில்லை. ஒரு சர்ஜனாக வேண்டும் என்று நினைப்பவனுக்கு அதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடைக்காது. 

அந்த ஊரிலேயே இன்னொரு அதிர்ஷ்டமும் காத்திருந்தது. மெக்யூவன் மருத்துவம் படித்த கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்தவர் ஜோசப் லிஸ்டர். காயம் சீழ்பிடிப்பதற்குக் காரணம் கெட்ட காற்று என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, இல்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தவர். 1865-ல், வண்டிச் சக்கரம் ஏறி காலெலும்பு முறிந்து, தோலையும் கிழித்திருந்த ஒரு சிறுவனின் காயத்துக்கு கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார் லிஸ்டர். காலை வெட்டி எடுக்காமலே காயம் ஆறியது. 

இந்தப் புது யோசனையைப் பல மூத்த சர்ஜன்கள் கேலி செய்தார்கள். மாணவராக இருந்த மெக்யூவன் அப்படியே உள்வாங்கிக்கொண்டார். பின்னாளில் அவர் குருவையும் தாண்டிப் போனார். கிருமியைக் காயத்துக்குள் வந்தபிறகு கொல்வதைவிட, வரவே விடாமல் தடுப்பது நல்லது இல்லையா? கருவிகளைக் கொதிக்க வைப்பது, கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவுவது, சுத்திகரித்த அங்கியைப் போட்டுக்கொள்வது என்று போனார். இன்று இதெல்லாம் சாதாரணம். அன்று, ரத்தக்கறை படிந்த பழைய கோட்டோடு ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் இருந்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் கற்ற பாடம்

படித்து முடித்த கையோடு மெக்யூவன் பார்த்த வேலைகளில் ஒன்று போலீஸ் மருத்துவர் வேலை. சனிக்கிழமை இரவுச் சண்டைகள், கத்திக்குத்து, மாடியிலிருந்து விழுந்தவர்கள், தெருவில் மயங்கிக் கிடந்தவர்கள் எல்லாரையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு சிக்கல். சாராய வாடையோடு மயங்கிக் கிடப்பவரை, தூங்கினால் தெளிந்துவிடுவார் என்று லாக்கப்பில் போட்டுவிடலாம். ஆனால் அவர் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால்? விடிவதற்குள் ஆள் இருக்க மாட்டார். 

மெக்யூவன் உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தார். வெறும் போதையில் மயங்கியவரின் கண்மணி சுருங்கியிருக்கும். அவரை உலுக்கினால் அது விரியும். விட்டுவிட்டால் மறுபடி சுருங்கும். மூளையில் அடிபட்டவரிடம் இப்படி நடக்காது. எந்த மெஷினும் இல்லாமல், ஒரு விளக்கும் பொறுமையும் மட்டும் இருந்தால் போதும். இதை அவர் கட்டுரையாகவே எழுதினார். 

இங்கேதான் அவருடைய வேலை எப்படிப்பட்டது என்று புரிகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாதபோது, உடம்பு வெளியே விட்டுச்செல்லும் தடயங்களைப் படிப்பது. கிட்டத்தட்ட ஒரு துப்பறிவாளர் மாதிரி.

அதே காலகட்டத்தில் மூளையைப் பற்றியும் புதுப் புது விஷயங்கள் வெளிவந்துகொண்டிருந்தன. 1861-ல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோகா, பேச்சு போனவர்களின் இடது முன்மூளையில் ஒரு குறிப்பிட்ட இடம் பழுதாகியிருப்பதைக் காட்டினார். 1870-ல் ஜெர்மனியில் இரண்டு ஆய்வாளர்கள், நாயின் மூளையில் குறிப்பிட்ட புள்ளிகளில் மின்சாரம் பாய்ச்சினால் எதிர்ப்பக்கக் கால்கள் அசைவதைக் கண்டார்கள். அதாவது மூளைக்கு ஒரு வரைபடம் உண்டு. மெக்யூவன் இதைப் படித்துவிட்டு நேராக நோயாளியின் படுக்கைக்கு வந்தார். வலது கை வெட்டி இழுக்கிறதா? அப்படியானால் கோளாறு மூளையின் இடது பக்கத்தில், கைக்கான இடத்தில். பேச்சு குழறுகிறதா? இன்னும் கொஞ்சம் முன்னால், கீழே. வரைபடம் கையில் இருக்கிறது. திறந்து பார்க்க ஒரு வாய்ப்பு மட்டும்தான் பாக்கி.

1876: தவறிப்போன ஓர் உயிர்

அந்த வாய்ப்பு வந்தது. கைநழுவியும் போனது.

1876-ல் 11 வயதுச் சிறுவன் ஒருவனை கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். சில நாள்களுக்கு முன்பு கீழே விழுந்ததில் இடது புருவத்துக்கு மேலே காயம். இப்போது காய்ச்சல். உடம்பின் வலது பக்கம் வெட்டி இழுத்தது. பேச்சு போய்விட்டது. மெக்யூவன் கணக்குப் போட்டார். இடது முன்மூளையில், புரோகா சொன்ன அந்த இடத்தில் சீழ்க்கட்டி இருக்கிறது. மண்டையோட்டில் துளை போட்டு வெளியேற்றலாம்.

குடும்பத்தார் சம்மதிக்கவில்லை.

அவர்களைக் குறை சொல்லத் தோன்றுகிறதா? ஒரு நிமிஷம் அவர்கள் இடத்தில் நின்று பாருங்க. மண்டையைத் திறந்து மூளைச் சீழை எடுக்கப்போவதாகச் சொல்லும் இந்த டாக்டருக்கு வயது 28. இதற்கு முன்னால் அவர் இப்படிச் செய்ததில்லை. மருத்துவமனையில் ஆபரேஷன் என்றாலே சீழ்பிடித்துச் சாவது என்று ஊரே அறிந்த காலம். எந்த அப்பா அம்மாதான் உடனே தலையாட்டுவார்கள்?

சிறுவன் இறந்தான். 

அதன்பிறகு குடும்பத்தாரின் அனுமதியோடு, உயிரோடு இருக்கும்போது எங்கே துளையிட நினைத்தாரோ அதே இடத்தில் மெக்யூவன் துளையிட்டார். சொன்ன இடத்திலேயே சீழ்க்கட்டி இருந்தது. கணக்கு துல்லியம். ஆனால் கணக்கு சரி என்று நிரூபணமானபோது காப்பாற்ற ஆள் இல்லை.

மூளை அறுவை சிகிச்சை வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தச் சிறுவனைத் தாண்டிப் போவதில்லை. ஸ்கேன் இல்லாமல், அறிகுறிகளை மட்டும் வைத்து மூளையில் சீழ் இருக்கும் இடத்தைச் சொல்ல முடியும் என்று காட்டியது அவன் மரணம்தான்.

அடுத்த முறை கதவு திறந்தது

மூன்று வருடங்கள் கழித்து, 1879 ஜூலையில், 14 வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். இடது கண்ணுக்கு மேலே வீக்கம். வலது பக்கம் முகத்திலும் கையிலும் வலிப்பு. இந்த முறை சம்மதம் கிடைத்தது. மண்டையோட்டைத் திறந்து, மூளையின் வெளியுறையில் வளர்ந்திருந்த கட்டியை மெக்யூவன் அகற்றினார். அந்தப் பெண் அதன்பிறகு எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். சிறுநீரக நோயால் அவர் இறந்தபிறகு பரிசோதித்தபோது, கட்டி திரும்பி வரவே இல்லை என்பது தெரிந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, லண்டனில் 1884-ல் நடந்ததைப் பாருங்க. அங்கே ரிக்மன் காட்லி என்ற சர்ஜன், லிஸ்டரின் சகோதரி மகன், ஓர் இளைஞரின் மூளைக்கட்டியை எடுத்தார். பத்திரிகைகள் கொண்டாடின. நான்கு வாரங்களில் அந்த நோயாளி இறந்துபோனார். காரணம், மூளை உறையில் தொற்று. கட்டியை எடுக்கும் கை இருந்தது. கிருமியை வெளியே நிறுத்தும் ஒழுங்கு போதவில்லை. மெக்யூவனின் பலம் அந்த இரண்டாவது விஷயத்தில்தான் இருந்தது.

நடுவில் 1878-ல் இன்னொன்றும் செய்தார். நாக்கின் அடியில் புற்று வந்த ஒரு நோயாளிக்கு, தொண்டையில் துளை போடாமல் வாய் வழியாகவே மூச்சுக்குழாய்க்குள் ஓர் உலோகக் குழாயைச் செலுத்தி, அதன் வழியே மயக்க மருந்து கொடுக்க வைத்தார். கொரோனா காலத்தில் 'இன்டியூபேட் பண்ணிட்டாங்க' என்று எத்தனை முறை கேட்டிருப்பீங்க? மயக்க மருந்துக்காக வாய் வழியாகக் குழாய் போடும் வழக்கத்தின் ஆரம்பப்புள்ளிகளில் அது ஒன்று. இறந்த உடல்களில் பழகிப் பார்த்துவிட்டுத்தான் உயிருள்ளவரிடம் கை வைத்தார். கால் வளைந்த ஏழைக் குழந்தைகளுக்கு எலும்பை வெட்டி நேராக்குவது, எலும்பு அழுகிப்போன ஒரு சிறுவனின் கைக்கு வேறு நோயாளிகளிடமிருந்து எடுத்த எலும்புத் துண்டுகளைப் பதித்து வளர வைப்பது என்று அவருடைய பட்டியல் நீளம்.

19 பேரில் 18 பேர்

ஆனாலும் அவர் மனம் திரும்பத் திரும்பப் போனது மண்டைக்குள் இருக்கும் சீழிடம்தான்.

1893-ல் மூளை, தண்டுவடம் இரண்டிலும் வரும் சீழ்த்தொற்றுகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். காதுத் தொற்று எந்தெந்த வழியாக உள்ளே ஏறுகிறது, எந்த இடத்தில் கட்டியானால் என்ன அறிகுறி வரும், எங்கே திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விவரிக்கும் புத்தகம். சீழ்க்கட்டி முற்றியவருக்குக் காய்ச்சல் அடிக்க வேண்டிய இடத்தில் உடம்பு குளிர்ந்திருக்கலாம், நாடித்துடிப்பு மெதுவாகலாம், ஆள் மந்தமாகி எதைக் கேட்டாலும் தாமதமாகப் பதில் சொல்லலாம் என்றெல்லாம் நுணுக்கமாகக் குறித்துவைத்தார். காய்ச்சல் இறங்கிவிட்டது, குணமாகிறது என்று வீட்டார் நிம்மதியாகும் அதே நேரத்தில் உள்ளே ஆபத்து முற்றிக்கொண்டிருக்கும். 

அந்தப் புத்தகத்தில் இருந்த ஒரு கணக்குதான் மருத்துவ உலகத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. மூளைச் சீழ்க்கட்டிக்காக அவர் ஆபரேஷன் செய்தது 19 பேருக்கு. பிழைத்தது 18 பேர். 

பென்சிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு 35 வருடம் முன்னால். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கே இரண்டு வருடம் முன்னால். அவருக்குப் பின்னால் பல பத்தாண்டுகள் வரை, மற்ற சர்ஜன்களால் அந்த விகிதத்தை எட்ட முடியவில்லை.

அதே வருடம் இன்னொரு புத்தகமும் கொண்டுவந்தார். இறந்தவர்களின் தலையை உறைய வைத்து, வரிசையாகத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் போட்டோ எடுத்துத் தொகுத்த படப்புத்தகம். இன்று சி.டி ஸ்கேன் ஃபிலிமில் தலையை அடுக்கடுக்காகக் காட்டுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஸ்கேன் மெஷின் வருவதற்கு முன்பே, சர்ஜனின் மனசுக்குள் ஒரு ஸ்கேன் ஓட வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

ஆனால் ஒரு புத்தகம் வந்துவிட்டால் உலகம் மறுநாளே மாறிவிடாது. 1900 நவம்பர் 30. பாரிஸில் ஒரு சாதாரண ஹோட்டல் அறையில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு இறந்தார். வயது 46. சிறையில் இருந்த நாள்களிலிருந்தே அவருக்குக் காதில் தொல்லை. அக்டோபரில் காதில் ஓர் ஆபரேஷன் நடந்தது. அடுத்த சில வாரங்களில் தொற்று மூளையைத் தொட்டுவிட்டது என்பதுதான் அவர் மரணத்துக்கு மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம். இதில் மனதைப் பிசையும் விஷயம் என்ன தெரியுமா? அவருடைய அப்பா வில்லியம் வைல்டு, டப்ளினில் புகழ்பெற்ற காது மருத்துவர். காது நோய்களைப் பற்றி 1853-லேயே புத்தகம் எழுதியவர். காதுக்குப் பின்னால் சீழை வெளியேற்றும் ஒரு கீறலுக்கு அவர் பெயரே உண்டு.

நர்ஸ்களை விட்டுக்கொடுக்காத கறார் பேர்வழி

பழகுவதற்கு மெக்யூவன் அவ்வளவு எளிதான ஆள் இல்லை. உயரமான உருவம், அதட்டலான நடை, தன் முறைதான் சரி என்ற பிடிவாதம். அவர் வார்டில் அவர் வைத்ததுதான் சட்டம். 

ஆனால் அந்தக் கறாருக்கு ஒரு காரணம் இருந்தது. ஆபரேஷன் எவ்வளவு சுத்தமாக நடந்தாலும், பிறகு கட்டு மாற்றும் கை அழுக்காக இருந்தால் எல்லாம் வீண். அதனால் நர்ஸ்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியின் தலைமை நர்ஸ் ரெபெக்கா ஸ்ட்ராங், வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே நர்ஸ்களுக்குப் பாடம் நடத்தும் முறையை 1893-ல் தொடங்கியபோது, அவருக்குத் துணை நின்றவர் மெக்யூவன். 

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை, அறுவை சிகிச்சைத் துறைக்குத் தலைமை ஏற்க அவரை அழைத்தது. நர்ஸ்கள் விஷயத்தில் அவர் வைத்த நிபந்தனை ஒத்துவராததால் அந்த வாய்ப்பை அவர் உதறியதாகச் சொல்வார்கள். அவர் கிளாஸ்கோவிலேயே இருந்தார். 1892-ல், ஒரு காலத்தில் லிஸ்டர் உட்கார்ந்த அதே பேராசிரியர் நாற்காலி அவருக்கு வந்தது. 1902-ல் சர் பட்டம். 

முதல் உலகப்போரில் கை, கால் இழந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் திரும்பியபோது, அவருக்கு 68 வயது. 1916-ல் எர்ஸ்கின் என்ற இடத்தில் அவர்களுக்கென்று மருத்துவமனை தொடங்க முன்னின்றார். செயற்கைக் கால்களுக்கு எங்கே போவது? கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் தொழிலாளர்களிடம் போனார். கப்பலுக்கு மரம் இழைத்த கைகள், சிப்பாய்களுக்குக் கால் செய்து கொடுத்தன. 

72 வயதில், மான் கொம்பு எப்படி வளர்ந்து எப்படி உதிர்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். எலும்பு வளரும் விதத்தை வாழ்நாள் முழுக்கத் துரத்தியவருக்கு, வருடா வருடம் உதிர்ந்து முளைக்கும் கொம்பைவிட நல்ல பாடம் வேறு என்ன? 1924 மார்ச் 22-ல் மெக்யூவன் காலமானார்.

அவருக்குப் பிறகு மாறியது என்ன?

அவர் இறந்த இரண்டு ஆண்டுகளில், 1926-ல், அமெரிக்க சர்ஜன் வால்டர் டாண்டி, மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு ஊசி வழியாகச் சீழை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதினார். வேறு சிலர் கட்டியைப் பையோடு முழுசாக வெட்டி எடுப்பதுதான் நல்லது என்றார்கள். 1940-களில் பென்சிலின் வந்தது. இனி கவலையில்லை என்று தோன்றியிருக்கும், இல்லையா? ஆனால் 1960-கள் வரைகூட, மூளைச் சீழ்க்கட்டி வந்தவர்களில் சுமார் 40 சதவிகிதம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். மருந்து இருந்தது, கட்டி எங்கே இருக்கிறது என்று சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் வழி இல்லை.

அந்தப் பூட்டைத் திறந்தது சி.டி ஸ்கேன். 1971 அக்டோபர் 1-ம் தேதி, லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது. அதன்பிறகு எம்.ஆர்.ஐ. இப்போது கம்ப்யூட்டர் உதவியோடு மில்லிமீட்டர் கணக்கில் குறிவைத்து, ஒரு துளை வழியாக ஊசியை இறக்குகிறார்கள். எடுத்த சீழைப் பரிசோதித்து, எந்தக் கிருமி என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற மருந்தை வாரக்கணக்கில் கொடுக்கிறார்கள். இறப்பு சுமார் 10 சதவிகிதம் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 

நோயும் சும்மா இருக்கவில்லை. அதுவும் முகம் மாறியது. பணக்கார நாடுகளில் காதிலிருந்து ஏறும் சீழ்க்கட்டி வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த இடத்துக்கு வேறு காரணங்கள் வந்திருக்கின்றன. உறுப்பு மாற்று சிகிச்சை, புற்றுநோய் மருந்துகள், ஹெச்.ஐ.வி, கட்டுக்குள் வராத சர்க்கரை நோய்... இப்படி எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களின் மூளையைப் பூஞ்சையும் ஒட்டுண்ணியும் தேடி வருகின்றன. தலையில் ஆபரேஷன் நடந்தபிறகு தொற்றும் கிருமிகளில் சில, வழக்கமான மருந்துகளுக்கு மசிவதில்லை.

2021 ஞாபகம் இருக்கா? கொரோனா இரண்டாம் அலையில் 'கறுப்புப் பூஞ்சை' என்ற பெயர் நம் எல்லார் போனிலும் வந்து விழுந்தது. மூக்கில் ஆரம்பித்து, சைனஸ் அறைகளைக் கடந்து, கண்ணுக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறிய அந்தத் தொற்று, மெக்யூவன் காதில் பார்த்த அதே கதையின் வேறொரு பாதை. அப்போதும் மருந்து மட்டும் போதவில்லை. அழுகிய திசுவை உடனே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பல பேருக்கு, உயிரைக் காப்பாற்ற ஒரு கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. 

கிருமி மாறினாலும், கருவி மாறினாலும், மெக்யூவன் பிடித்த நூல் அறுபடவில்லை. எங்கே இருக்கிறது என்று சீக்கிரம் கண்டுபிடி. தேவையென்றால் தாமதிக்காமல் வெளியேற்று. வந்த வழியை அடை. காதிலிருந்து வந்திருந்தால், மூளைக் கட்டியை மட்டும் சரிசெய்துவிட்டுக் காதை விட்டுவிட்டால், அது மறுபடி வரும்.

உங்கள் வீட்டுக்கு ஒரு செக்லிஸ்ட்

இந்தியா மாதிரி நாடுகளில், காதிலிருந்து மூளைக்குப் போகும் தொற்று பழைய கதை ஆகிவிடவில்லை. சின்ன வயசிலிருந்தே அவனுக்குக் காது வடியும், சளி பிடிச்சா வரும், போயிடும் என்று சொல்லிப் பழகிய வீடுகள் நம்மிடம் எத்தனை? நாற்றத்தோடு சீழ் வடியும் காதில், காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் பஞ்சை அடைத்துவிடுகிற கை வைத்தியம் இன்னும் நடக்கிறது. அது வேண்டவே வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் காது வடிந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

காது, சைனஸ், பல் என எதிலாவது தொற்று இருக்கும் ஒருவருக்கு, நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு, கழுத்தை மடக்க முடியாத இறுக்கம்... இதில் எது வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்காதீங்க. நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்க. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள சில குழந்தைகளுக்கும் மூளைச் சீழ்க்கட்டி வரும் ஆபத்து அதிகம். அவர்களுக்குக் காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து வந்தால் கூடுதல் கவனம் தேவை.

அங்கே ஒரு டாக்டர், தலையில் துளை போட வேண்டும் என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டலாம். பயம் வரும். வரட்டும், தப்பில்லை. என்ன செய்யப் போறீங்க, செய்யாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்க. ஸ்கேனில் அந்தக் கட்டியைக் காட்டச் சொல்லுங்க. 1876-ல் கிளாஸ்கோவில் தவித்து நின்ற அந்தக் குடும்பத்துக்குக் காட்ட, மெக்யூவனிடம் தன் கணிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. உங்களுக்குக் காட்ட இன்றைய டாக்டரிடம் படமே இருக்கிறது. பார்த்துவிட்டு, சீக்கிரம் முடிவெடுங்க!